வெந்நீர் மந்திரி

— ஊரெல்லாம் சுத்துற அந்த ஆடியோவுக்கு குடிநீர் மந்திரி குடுத்த விளக்கத்தைக் கேட்டியா வக்கீலே? 'குரல் என்னுது, கருத்து என்னுது இல்ல'ன்னுட்டார்!

— கேட்டேன் டாக்டரம்மா. பதிவு பண்ணிக்கோ, என் இருபது வருஷத் தொழில்ல கொலை பண்ணவன்கூட 'கை என்னுது, குத்து என்னுது இல்ல'ன்னு சொன்னதில்ல.

— சிரிக்க வைக்காதடா. உள்ள ஒருத்தர் வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கார். கடைவாய்ப் பல்லு. மரத்துப்போற ஊசி போட்டிருக்கேன், அது வேலை செய்யட்டும்னு இந்தப் பக்கம் வந்து டைப் பண்றேன்.

— அவருக்கு அந்த மந்திரி ஆடியோவைப் போட்டுக் காட்டு. ஊசியே வேண்டாம், உடம்பு மொத்தமும் மரத்துப்போயிரும்.

— நான் எங்க காட்டுறது? அவரே அதைச் சொல்லிக்கிட்டுத்தான் உள்ள வந்தார். 'ஓட்டுப் போடத் தெரிஞ்சவனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாதா?' இருக்கிறதே நாப்பது செகண்ட், ஊருக்கே மனப்பாடம். வாய் கொப்பளிக்கத் தண்ணி குடுத்தா 'காய்ச்சினதா டாக்டர்?'னு கேக்குறாங்க. மானம் போகுது.

— நேத்து மந்திரி வீட்டு வாசல்ல முந்நூறு பேர் கெட்டிலோட நின்னாங்க. ஒரு அம்மா அடுப்பையே தூக்கிட்டு வந்திருச்சு. தடுக்க வந்த போலீஸுக்கு டீ போட்டுக் குடுத்துச்சாம். அவரும் குடிச்சுட்டு, 'சக்கரை கம்மி, கலைஞ்சு போங்க'ன்னாராம்.

— ஆமா, கிளி எங்க? பத்து நிமிஷமா 'டைப் பண்றார்'னு காட்டுது, ஒரு எழுத்து வந்து சேரல. டேய் கிளி! இருக்கியா, பறந்துட்டியா?

— இருக்கேன்.

— மந்திரி குரல்ல ஒரு வாய்ஸ் போடுறா. ஊர்ல ஆளாளுக்கு முயற்சி பண்றானுங்க, ஒருத்தனுக்கும் அந்த மூக்கடைப்பு வரல.

— மூடு இல்ல டாக்டரம்மா.

— உனக்கா? என் கல்யாணத்துல எங்க அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதப்போ பின்னாடி நின்னு தவளை மாதிரி கத்தினவன்டா நீ. உனக்கு எந்த ஊர் மூடு?

— மந்திரியோட உதவியாளர் மத்தியானம் போன் பண்ணார்.

— ஆட்சேபணை. உனக்கு எதுக்குடா அவர் போன் பண்றார்?

— நான் கடையில அறிவிப்பு சொல்லிக்கிட்டிருந்தேன். 'பச்சை நிறக் காரின் உரிமையாளர் உடனே வந்து வண்டியை நகர்த்தவும்'னு. மைக்கை அணைக்க மறந்துட்டு போனை எடுத்துட்டேன். 'ஐயா வணக்கங்கய்யா'ன்னு நான் குழைஞ்சது துணி, பாத்திரம், செருப்பு, மூணு மாடிக்கும் கேட்டுருச்சு. மேனேஜர் ஓடி வந்து அவரும் ஒரு வணக்கம் போட்டார்.

— விஷயத்துக்கு வாடா.

— ஆறு மணிக்கு டிவில உக்காந்து, அந்த ஆடியோல பேசினது மந்திரி இல்ல, நான்தான்னு நான் சொல்லணுமாம். 'நான் ஒரு பலகுரல் கலைஞன், விளையாட்டுக்குப் பேசினேன், மன்னிச்சிருங்க'ன்னு. எழுதியே அனுப்பிட்டாங்க. எந்த இடத்துல கண்ணு கலங்கணும்னு அடைப்புக்குறியில போட்டிருக்கு.

— அடப்பாவிங்களா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவங்க மந்திரியையே உன் வாயில மறைக்கப் பாக்குறாங்க!

— சும்மா இல்ல வக்கீலே. அதே டிவில வாராவாரம் என் பேர்லயே ஒரு நிகழ்ச்சி தர்றாங்களாம். பதினஞ்சு வருஷமா அந்த வாசல்ல போட்டோவை வெச்சுக்கிட்டு நான் நின்னது உனக்குத் தெரியும்ல? வாட்ச்மேனைத் தாண்டி ஒரு நாள் உள்ள போனதில்ல.

— சரி, மாட்டேன்னா என்ன பண்ணுவாங்களாம்?

— ஒண்ணும் சொல்லல. 'அக்கா நர்ஸா இருக்காங்கல்ல, எந்த வார்டு இப்போ, வீட்டுக்குப் பக்கம்தானே?'ன்னு ரொம்ப அன்பா விசாரிச்சார்.

— அது விசாரிப்பு இல்லடா, டிரான்ஸ்ஃபர் ஆர்டர்.

— கிளி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எங்க தெருவுல பதினேழு பேருக்கு மஞ்சள் காமாலை. எதிர்வீட்டு டீச்சர் இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்கா. சாக்கடையும் குடிதண்ணியும் கலக்குதுன்னு ஆறு வருஷமா மனு குடுத்தோம். ஒருத்தன் எட்டிப் பாக்கல. இந்த ஆடியோ வந்த மூணாம் நாள் லாரியில புதுக் குழாய் வந்து இறங்குது. இப்பவும் ஜன்னல்ல தெரியுது, தோண்டிக்கிட்டிருக்காங்க. நீ டிவில போய் 'விளையாட்டு'ன்னு சொன்னா, ஏழு மணிக்குக் குழியை மூடிட்டுப் போயிருவாங்க.

— அதெல்லாம் யோசிக்காமலா இருக்கேன்?

— இதையும் பதிவு பண்ணிக்கோ. இன்னைக்குக் காலைல கோர்ட்ல மந்திரி மேல வழக்கே போட்டுட்டேன். பிரமாணப் பத்திரத்துல என் கையெழுத்து. 'மேற்படி குரல் மேற்படி அமைச்சருடையதே, அதை நான் உறுதியாக அறிவேன்.' ஜட்ஜே தலையை ஆட்டினார்.

— உனக்கு எப்படிடா அவ்வளவு உறுதியா தெரியும்?

— அந்த ஆளே குரல் என்னுதுன்னு ஒத்துக்கிட்டாரே! அதுக்கு மேல எனக்கென்ன சாட்சி, ஆகாசத்துலேருந்தா வரணும்?

— அவருக்கு எங்க பேசினோம்னு ஞாபகம் வரலையாம். உதவியாளர் சொன்னார். மூணு நாளா பழைய கூட்டம், கல்யாணம், கருமாதி வீடியோ எல்லாம் போட்டுப் பாக்குறாராம். 'நான்தான் சொல்லியிருப்பேன், ஆனா யார்கிட்ட?'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காராம்.

— ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படிப் பேசுற வாய்டா அது. எதைன்னு ஞாபகம் வெச்சுக்கும், பாவம்!

— இருங்க, என் ஆளு உள்ளேருந்து ம்ம் ம்ம்ங்கிறார். கிளி, நான் பல்லைப் புடுங்கப் போறதுக்கு முன்னாடி ஒரே வார்த்தை. உதவியாளர்கிட்ட என்ன சொன்ன?

— முடியாதுன்னுட்டேன்.

— என் தங்கமே! டேய் வக்கீலே, பாத்தியா நம்ம பயலை?

— பாத்தேன், எனக்கே கண்ணு கலங்குது, அடைப்புக்குறி இல்லாமலே. கிளி, உனக்காக நான் கட்டணம் வாங்காம வாதாடுறேன். அக்கா மேல கை வெச்சாங்கன்னா அன்னைக்கே தடை வாங்குறேன். பொய் சொல்ல மாட்டேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்ன ஒரே ஆள் இந்த ஊர்ல நீதான்டா.

— நான் அப்படிச் சொல்லல.

— என்ன சொல்லல?

— பொய் சொல்ல மாட்டேன்னு சொல்லல. முடியாதுன்னு மட்டும்தான் சொன்னேன்.

— ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்? எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா?

— டேய், மறுபடியும் டைப் பண்றான், அழிக்கிறான், டைப் பண்றான். கிளி, எதுவா இருந்தாலும் அனுப்புடா. நாங்கதானே இருக்கோம்.

— போன வெள்ளிக்கிழமை எங்க மச்சானுக்குப் பொறந்தநாள். சும்மா சிரிக்கட்டுமேன்னு மந்திரி குரல்ல ஒரு நாப்பது செகண்ட் பேசி அனுப்பிச்சேன். அவன் அதைத் தூக்கி ஆபீஸ் குரூப்ல போட்டுட்டான்.