திருப்பி விடவேண்டிய மீன்

காலை ரயில் ஆர்ச்வே நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே இரண்டு பேர். இளையவர் மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"மீனைக் கொன்றுபோட்டன் எண்டு முதலாளிக்குக் கோவம், அண்ணை."

"மீன் பிடிக்கத்தானே ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனவன்?"

"ஓம். படகை ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுத்தம். பெரிய ட்ரவுட் மீன் ஒண்டு மாட்டிச்சுது. எங்கட பழக்கத்திலை உடனை தலையிலை ஒண்டு போட்டிட்டன். அவன் பிடிக்கிறது விளையாட்டுக்காம்; அதை உயிரோடை திருப்பித் தண்ணிக்குள்ளை விட இருந்தவனாம். இண்டைக்கு வேலை இருக்கோ தெரியேல்லை."

"பெட்டிக்குள்ளை என்ன?"

"அவனுக்குக் குழம்பு. சமாதானமாப் போகலாம் எண்டு."

"என்ன குழம்பு?"

"மீன்."

"அந்த மீனோ?"

"ஓம் அண்ணை. உறைப்புக் குறைச்சுத்தான் வைச்சனான்."