கைவிட்டாலும் நேராகப் பறந்தது

சார், இந்த மேசை ஒரு காலில் ஆடுகிறது. ஒரு அட்டையை மடித்து அடியில் செருகினால் நின்றுவிடும். நான் செருகட்டுமா? வேண்டாம் என்றால் சரி. இப்படிப்பட்டவை என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், தொழில் அப்படி. கார் சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சக்கரத்தைச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனம் என்று பார்த்து, எதிர்ப்பக்கம் ஒரு ஈயத் துண்டைத் தட்டிவிடுவேன். நான் பார்த்துக் கொடுத்த சக்கரம் உதறுகிறது என்று இதுவரை ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை.

விமானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது பொம்மை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டில் பறப்பது என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. இறக்கையை மாட்டி வைத்தால் எங்கள் ஷெட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது. பெட்ரோல் எஞ்சின். இறக்கைக்குள் இருக்கும் சட்டங்கள் ஒவ்வொன்றையும் மெல்லிய பலகையில் நானே அறுத்து, உப்புத்தாள் போட்டு, ஒட்டினேன். பசை ஒரு சொட்டு அதிகமானால்கூடச் சுரண்டி எடுத்துவிடுவேன். பல வருட வேலை. கடை மூடியதும் ஷெட், சாப்பாடு, மறுபடி ஷெட் என்றுதான் என் நாட்கள் போயின. வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்திருக்கலாம்.

அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள்தான் என் மைத்துனர், என் மனைவியின் தம்பி. வேலை போய்விட்டது, கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று ஒரே ஒரு பையோடு வந்தவர். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர். ஒழுகிய குழாயைச் சரிசெய்தார், ஒட்டடை அடித்தார், என் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் கற்றுக்கொடுப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். அதன் சக்கரங்களைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தள்ளிவிட்டார். அவளும் ஓட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய்விட்டாள்.

அவர் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் அமைதியாக இருக்கும். வந்த பிறகு சிரிப்புச் சத்தம் வாசல் வரை கேட்டது. நான் உள்ளே நுழைந்ததும் அது நின்றுவிடும். "வாங்க, கை கழுவிட்டு வாங்க," என்பாள் மனைவி. எனக்குப் பொறாமை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நான் அதைக் கவனித்தேன், அவ்வளவுதான்.

விமானத்துக்கு பேலன்ஸ் பார்ப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். இறக்கையின் அடியில் ஒரு கோடு போட்டிருப்பேன். ஆளுக்கொரு பக்கம் நின்று, அந்தக் கோட்டில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு ஒரு மயிரிழை தாழ்ந்தால் பாதகமில்லை. வால் தாழ்ந்தால், மேலே போனதும் அது சொன்ன பேச்சைக் கேட்காது. தன்னிஷ்டத்துக்குத் துள்ளி, எங்காவது போய் விழும்.

பெயின்ட் காய்ந்த பிறகு கடைசியாக ஒருமுறை தூக்கிப் பார்த்தோம். வால் தாழ்ந்தது. முந்தின நாள் மட்டமாக நின்ற விமானம். நான் அவரைப் பார்த்தேன். அவர் என் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பாப்பா ஆசைப்பட்டா அத்தான். வால்ல ஒரு லைட்டு வச்சேன். இத்துனூண்டு வெயிட்டு."

"வால்ல இத்துனூண்டுன்னா மூக்குல அதுக்கு மூணு மடங்கு ஏத்தணும் தம்பி."

"ஏத்திட்டா போச்சு. உங்க கடையில இல்லாத ஈயமா?"

மகள் சிரித்தாள். கதவருகே நின்றிருந்த மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கடையிலிருந்து ஈயத் துண்டுகளைக் கொண்டுவந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் திருகி, மறுபடி தூக்கிப் பார்த்தேன். ரசமட்டம் வைத்ததுபோல் நின்றது. "அத்தான், கில்லாடி நீங்க," என்றார். மனதாரச் சொன்னார். எதையுமே அவர் மனதாரத்தான் சொல்வார். அவரோடு இருந்த சிரமமே அதுதான்.

இப்படி விமானம் பறக்கவிடுகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம், ஊருக்கு வெளியே அதற்கு ஒரு புல்வெளி மைதானம் இருக்கிறது. முதல் முறை பறக்கவிட்ட அன்று சங்கத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். விமானம் புல்லில் ஓடி, அலுங்காமல் தரையை விட்டது. உயரம் பிடித்ததும் ரிமோட்டிலிருந்து இரண்டு கட்டை விரலையும் எடுத்துவிட்டேன். சார், அது ஒரு பக்கமும் சாயவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அந்த மாதிரி ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இவன் மட்டும் இல்லன்னா இது ஷெட்ட விட்டே வெளிய வந்திருக்காது," என்றாள். மகள் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "மாமா, நம்ம பிளேன் பறக்குது மாமா," என்றாள். 'நம்ம' என்றால் என்னையும் சேர்த்துத்தானே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். அவள் என் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை.

விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தம்பி, மைதானத்தோட அந்தக் கோடியில போய் நில்லுங்க. உங்க தலைக்கு மேல தாழப் பறக்க விடுறேன். வீடியோ நல்லா வரும்," என்றேன்.

"நானும் மாமாகூடப் போறேன்," என்றாள் மகள்.

"நீ வேண்டாம். அம்மாகிட்ட நில்லு."

அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானும் பிள்ளை பெற்றவன்தான்.

அவர் நடந்து போய்ச் சேரும்வரை விமானத்தை வட்டமடிக்க விட்டேன். எனக்குப் பதற்றமே இல்லை. பிறகு அதைத் திருப்பி, அவர் நின்ற இடத்துக்கு நேராக வைத்து, வேகத்தை முழுதாகக் கொடுத்து, இறக்கினேன். அவர் போனை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாலு எட்டு விலகியிருந்தால் போதும். விலகவில்லை. ஓட்டுவது நான் என்ற நம்பிக்கை. என்னை அவ்வளவு நம்பியவர் அந்த மைதானத்தில் வேறு யாரும் இல்லை.

அதன் பிறகு எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். மனைவி அழுதுகொண்டே, "உங்க மேல தப்பு இல்லங்க. அவன் இருந்திருந்தா இதத்தான் சொல்லியிருப்பான்," என்றாள். உண்மைதான், அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். மகள் யாரிடமும் பேசுவதில்லை. சாப்பாட்டு நேரம் பழையபடி அமைதியாகிவிட்டது. அப்படியே இருந்திருப்பேன், சார். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

நேற்று சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். செயலாளர் பெரிய படிப்பு படித்தவர், விமானம் தெரிந்தவர். என் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். "யாரையும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. வால் கனமா இருந்திருக்கு, பேலன்ஸ் தப்பிடுச்சு. நம்மள்ல யாருக்கு வேணா நடக்கலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். என் கடைக்கு வருகிற இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களும் தலையாட்டினார்கள்.

திரும்பி வரும்போது மனைவியிடம் கேட்டேன், செயலாளர் சொன்னதை நம்புகிறாயா என்று. "விடுங்க, தெரியாம நடந்ததுதானே," என்றாள்.

காலையில் கடையைத் திறக்கவில்லை. நேராக இங்கே வந்துவிட்டேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால்தான் உங்களுக்கு வசதி என்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது இடப்பக்கமிருந்து காற்று அடித்தது. நான் ஓர் இம்மி திருத்தினேன், அது ஓர் இம்மி திரும்பியது. கடைசி நொடி வரை சொன்ன பேச்சைக் கேட்டது. எங்கே அனுப்பினேனோ அங்கேதான் போனது. அனுப்பியவன் நான். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பேலன்ஸ் தப்பியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.