கையில் எடுக்க ஒரு பாம்பு

லண்டனில் டூட்டிங் போகும் பஸ்ஸின் மேல்தட்டு. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த இருவர் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

“மலைப்பாம்போ! உங்களுக்கென்ன விசரே அண்ணை?”

“சின்ன இனம்தான் தம்பி. சரியான சாது, கடிக்காதாம்.”

“தனிய இருக்க ஏலாட்டி ஒரு பூனையை வளருங்கோவன்.”

“பூனை தனக்கு விருப்பமெண்டாத்தான் கிட்ட வரும். இதை அடிக்கடி கையில எடுக்கோணுமாம். எடுக்காட்டி ஆக்களுக்குப் பயப்பிடத் தொடங்கிடுமாம்.”

இளையவர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

“பூசையில சமாதானம் சொல்லேக்கையும் இப்ப ஆரும் கை குடுக்கிறேல்லை. தூர நிண்டு கும்பிடுறியள். மனுசி கண்ணை மூடின பிறகு என்னை ஆர் தொட்டது, சொல்லு?”

இளையவர் மணியை அழுத்தினார். அவர் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது.

“அப்ப வாறன் அண்ணை” என்று எழுந்து, பழக்கத்தில் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

பெரியவர் நீட்டிய கை முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது.