லாரியில் ஏற்றிவிட்டேன் என்று சொன்னேன்

ஓடுகிறேன். இடுப்பில் பிள்ளை. வலது கையில் கதீஜாவின் கை. எதிரே ரயில் மேடு. அதைத் தாண்டினால் ரங்கூன் ரோடு. அங்கே லாரிகள் நிற்பதாகச் சொன்னார்கள்.

1949. பிப்ரவரி இரண்டு. புதன்கிழமை. எங்களுக்கு மெழுகுதிரித் திருநாள். காலை ஏழு மணி இருக்கும்.

முதலில் சீட்டி அடிப்பது போல ஒரு சத்தம். பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரத்தில் தரையில் விழுந்துவிட வேண்டும். இரண்டு நாளில் இதைப் பழகியிருந்தோம்.

"படுங்க! படுங்க!"

யாரோ தமிழில் கத்துகிறார்கள். விழுகிறேன். பிள்ளை என் அடியில். தரை தூக்கிப் போடுகிறது. காதுக்குள் ரீங்காரம். வாய் நிறையப் புழுதி. எழுந்தேன். பிள்ளை அழுதாள். அழுதாள் என்றால் உயிரோடு இருக்கிறாள்.

கதீஜா எழவில்லை.

நான் யார் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் சவரியம்மாள். இலுப்பூருக்குத் தெற்கே கிறிஸ்தவ வேதக்காரர்கள் வாழும் சிற்றூரில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் அந்தோணி பர்மாவில், ரங்கூனுக்கு வடக்கே இன்செய்னில், ரயில் பட்டறையில் ஃபிட்டர். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மகள் லூர்துக்கு ஒன்றரை. கதீஜா எங்கள் பக்கத்து வீடு. கட்டுமாவடிக்காரி. இருபது வயது. அவள் வீட்டுக்காரர் தாவூது ரங்கூனில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருந்தார். வாரம் ஒரு முறை வருவார். அந்த வாரம் ரோட்டை அடைத்துவிட்டார்கள். தனி நாடு கேட்ட கரேன் படைக்கும் சர்க்கார் படைக்கும் திங்கட்கிழமை தொடங்கிய சண்டை. எங்கள் ரயில்வே லைன் வீடுகள் நடுவில் மாட்டிக்கொண்டன. வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. சுட்டவர்களில் கழுத்தில் சிலுவை போட்டவர்களும் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். என் கழுத்திலும் சிலுவை இருந்தது.

கதீஜாவுக்கு இடது தொடையில் பட்டிருந்தது. சேலை நனைந்து கறுத்தது. தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு கையில் பிள்ளை.

"அக்கா, என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க!"

"பிள்ளைய மேட்டுக்கு அங்கிட்டு விட்டுட்டு வாரேன். இந்தா, வந்துர்றேன்."

மேட்டில் ஏறினேன். மறுபக்கம் ஒரு லாரி. கிளம்பிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர்கள் கை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள்.

"ஏறும்மா! ஏறு! வண்டி நிக்காது!"

திரும்பிப் பார்த்தேன். அறுபது எட்டுத் தூரம் இருக்கும். அவள் கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். மறுபடியும் அந்தச் சீட்டிச் சத்தம்.

ஏறிவிட்டேன்.

என்னை யாரும் தூக்கிப் போடவில்லை. என் காலால் ஏறினேன். பிள்ளையை இறக்கி வாங்கியிருக்கலாம். அந்த லாரியில் ஆண்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி கீழே கிடக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன்.

ரங்கூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மரியதாஸ் அண்ணன் தேடி வந்தார். பட்டறையில் என் வீட்டுக்காரரோடு வேலை செய்தவர். தலையில் கட்டு. உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"தங்கச்சி, அந்தோணி போயிட்டான். பட்டறைக் கொட்டகை மேலயே விழுந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன். வருவான்னு நெனச்சுக்கிட்டு இருக்காத."

சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு வாசலைப் பார்க்கவில்லை. அந்த மனிதர் எனக்கு எவ்வளவு பெரிய நன்மை செய்தார் என்பது அப்போது புரியவில்லை.

அடுத்த வாரம் தாவூது வந்தார். சட்டையில் பொத்தான் இல்லை. முகாம் முகாமாகத் தேடியிருக்கிறார்.

"கதீஜா எங்கக்கா? ஒங்ககூடத்தானே வந்தா?"

வாயைத் திறந்தேன். உண்மைதான் வரும் என்று நானும் நினைத்தேன்.

"லாரியில ஏத்திவிட்டேன். எங்க லாரி இல்ல, வேற லாரி. பெகு பக்கம் போறதாச் சொன்னாங்க."

அவர் முகம் மலர்ந்தது. அதை இன்றைக்கும் பார்க்கிறேன். லூர்துவின் தலையைத் தடவினார். கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார். "அல்லா ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்கா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

மார்ச்சில் கப்பல். சென்னை. திருச்சி. ஊர்.

ஊரில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "சர்வேசுரன் ஒன் மேல எம்புட்டு அன்பு வச்சிருந்தா இம்புட்டு குண்டுக்கு நடுவுல கொண்டாந்து சேர்த்திருப்பாரு!" ஆகஸ்டில் மாதா திருநாள். செபமாலை முடிந்ததும் உபதேசியார் என்னை எழுப்பி நிறுத்தினார். தேவ அன்பைப் பற்றி எல்லாருக்கும் சாட்சி சொல்லச் சொன்னார்.

சொன்னேன். குண்டைச் சொன்னேன். ரயில் மேட்டைச் சொன்னேன். லாரியைச் சொன்னேன். கதீஜாவைச் சொல்லவில்லை. ஆண்டவர் என்னைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார் என்று முடித்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூட்டிய வாசலையே மறுபடி கூட்டுவேன். கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போவேன். கிணற்றடிக்குப் போய்க் குடம் இல்லாமல் நிற்பேன். பனையோலையில் காற்று சீறினால் தரையில் விழுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். கோயிலில் முழங்காலில் நிற்பேன். செபம் பாதியில் நிற்கும். எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

என் மேல் அன்பு வைத்தவர் கதீஜா மேல் வைக்கவில்லையா? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. அதைவிட இன்னொன்று. நான் சொன்ன பொய்யை ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டும் சோறு போட்டார். பிள்ளைக்குப் பல் முளைத்தது. அவள் நடந்தாள், ஓடினாள். அவர் கோபித்திருந்தால் பயந்து எங்காவது ஒளிந்திருப்பேன். கோபிக்கவில்லை. எங்கே போனாலும் அந்த அன்பு பின்னாலேயே வந்து நின்றது. அதுதான் தாங்கவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாவமன்னிப்பு கொடுத்தார். அபராதமாகச் சில செபங்கள் சொல்லச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"அவ ஆத்தாகிட்ட யாரு சாமி சொல்றது?"

அவர் தட்டியை ஒட்டிக் குனிந்தார்.

"மன்னிப்பு ஒனக்குக் கிடைச்சிருச்சு. நீ போனாலும் அது இருக்கு, போகாட்டாலும் இருக்கு. போனாத்தான் தருவேன்னு ஆண்டவர் கேக்கல" என்றார். பிறகு, "இம்புட்டு அன்பை வாங்கிக்கிட்டு நீ என்ன செய்யப்போறே? அதை நான் சொல்லக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். என் அண்ணன் சூசை. என்னையும் பிள்ளையையும் வைத்துச் சோறு போட்டவன். கத்தினான்.

"சாமி மன்னிச்சாச்சுல்ல? அப்புறம் என்னத்துக்கு அங்கிட்டுப் போறே? அடிச்சாங்கன்னா? போலீசுல சொன்னாங்கன்னா? பிள்ளைய யாரு பார்ப்பா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. நானும் அதையெல்லாம் யோசித்தேன். மூன்று வாரம் போகாமல் இருந்தேன். நான்காவது வாரம் பிள்ளையை அண்ணியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நவம்பர். அடைமழை. புதுக்கோட்டையில் ஒரு பஸ். அறந்தாங்கியில் ஒரு பஸ். கட்டுமாவடிக்கு மூன்று மைல் முன்னால் ரோட்டில் தண்ணீர். இறங்கி நடந்தேன். இரண்டு முறை திரும்பினேன். இரண்டு முறையும் மறுபடி கிழக்கே நடந்தேன்.

வலை உலர்த்தும் இடத்தில் விசாரித்தேன். வீட்டைக் காட்டினார்கள். கதீஜாவின் அம்மா ஆமினா. வீட்டுக்காரர் இல்லை. கருவாடு விற்றுப் பிழைப்பு. கதீஜா ஒரே மகள். பெயரைச் சொன்னதும் ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"சவரியம்மாவா? லாரியில ஏத்திவிட்ட சவரியம்மாவா? மருமகன் எழுதியிருந்தாரு. உள்ள வாங்க! நனைஞ்சு போயிட்டீங்களே!"

துண்டு கொடுத்தார். பாய் போட்டார். தேநீர் வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களாலதான் எம்மக உசுரோட இருக்கா."

அந்தக் கையை நான் எடுத்துவிட்டேன். எழுந்து நின்றேன். நின்றபடியே சொன்னேன். தொடையில் பட்டது. கூப்பிட்டது. வருகிறேன் என்று சொன்னது. வராமல் போனது. தாவூதிடம் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஏதோ ஒன்று விளக்கு மாதிரி மங்கிக்கொண்டே வந்தது.

"வெளிய போ."

போனேன். மழை. கடைசி பஸ்ஸுக்கு இப்போதே நடந்தால் பிடிக்கலாம். நடக்கவில்லை. ஒரு தென்னை மரத்தடியில் நின்றேன். அவர் அடிக்க வந்தால் நிற்க வேண்டும், இந்தத் தடவை ஓடக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் இருந்தது. பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள். அதற்கும் பிறகுதான் கதவு திறந்தது.

வாசலிலேயே நின்றார். "அவளுக்குக் கடைசியாத் தண்ணி கெடச்சுச்சா?"

"தெரியாது ஆத்தா."

"யாராச்சும் அடக்கம் பண்ணுனாங்களா?"

"தெரியாது."

நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. போகும் தகுதி எனக்கு இல்லை. வெகு நேரம் கழித்து, "உள்ள வா" என்றார். உள்ளே காகிதமும் பேனாவும் இருந்தன.

"மருமகனுக்கு எழுது. நீயே எழுது. ஒங் கையால எழுது."

எழுதினேன். அவருக்குப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் 'விட்டுவிட்டேன்' என்று எழுதியிருந்தேன். "விட்டுட்டு ஓடிட்டேன்னு எழுது" என்றார். திருத்தினேன்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது சொன்னார். "மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா நீ மறுபடி வரணும். பர்மாவுல அவ எப்படி இருந்தா, என்ன ஆக்குனா, எதுக்குச் சிரிச்சா, ஒனக்குத்தான் தெரியும். எனக்கு வேற யாரு சொல்லுவா?"

ஒவ்வொரு நவம்பரிலும் போனேன். நான் சொல்லச் சொல்ல ஆமினா கேட்டுக்கொண்டிருப்பார். ஆறாவது வருடமோ ஏழாவது வருடமோ, நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது என் தலையில் கை வைத்தார். வைத்தார், எடுத்தார். அன்று பஸ்ஸில் அறந்தாங்கி வரை அழுதுகொண்டே வந்தேன். 1963இல் இறந்துபோனார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அடுத்த வருடம் பர்மாவிலிருந்து தமிழர்களை அனுப்பிவிட்டார்கள். தாவூது ஒரு பெட்டியோடு கட்டுமாவடிக்கு வந்து சேர்ந்தார். போய்ப் பார்த்தேன். தலை முழுக்க நரை. வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். இடது காது கேட்காது. பெகு ரோட்டில் குண்டு விழுந்து போனது.

"கடுதாசி கெடச்சுச்சுக்கா. அதுக்கு முன்னாடி பத்து மாசம் அந்த ரோட்டுல ஒரு லாரிய விடல. ஒவ்வொருத்தனா நிறுத்திக் கேட்டேன்."

நான் காலில் விழப்போனேன். தடுத்தார்.

"வந்து சொன்னீங்க, அது பெருசு. மன்னிப்பு மட்டும் கேட்டுறாதீங்க. எங்கிட்ட இல்ல."

சரி என்றேன். அவரிடம் இல்லாததை நான் எப்படிக் கேட்பது?

இன்று லூர்து ஆசிரியை. கோயிலில் இப்போதும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். கதீஜாவிலிருந்துதான் தொடங்குகிறேன். சிலருக்குப் பிடிப்பதில்லை. தேவ அன்பைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பாவத்தைச் சொல்கிறாளே என்கிறார்கள். எனக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆண்டவர் என்னை நேசிக்கிறார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நிம்மதி மட்டும் இல்லை. அதைத் தருவதாக அவர் என்னிடம் சொன்னதாகவும் நினைவில்லை.

போனவை இவை.

அந்தோணி, இருபத்தொன்பது வயது. உடல் கிடைக்கவில்லை.

கதீஜா, இருபது வயது. உடல் கிடைக்கவில்லை.

இன்செய்னில் இரண்டு வீடுகள். ரங்கூனில் ஒரு கடை.

தாவூதின் இடது காது.

மகள் உயிரோடு இருக்கிறாள் என்று ஆமினா நம்பிய ஒன்பது மாதங்கள். அவள் வருவாள் என்று தாவூது அலைந்த பத்து மாதங்கள். இவை இரண்டும் குண்டால் போனவை அல்ல. என்னால் போனவை.