ஜன்னலோர விபிஎன்

— அதாவது மேடம், பாதுகாப்புக்காகத்தான்.

— யார்கிட்டேருந்து பாதுகாப்பு? வீட்டுலேருந்து வேலை செய்றவங்க நம்ம நூலக நெட்வொர்க்குக்குள்ள வர்றதுக்குத்தான் விபிஎன் போட்டேன். நீங்க நூலகத்துக்குள்ள உக்காந்துக்கிட்டே போட்டிருக்கீங்க. சொந்த வீட்டுக் கூடத்துலேருந்து எழுந்து, தெருவைச் சுத்தி வந்து, வாசல்ல மணியடிக்கிற மாதிரி.

— உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— நெட்வொர்க்கைப் பாத்துக்கிறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்! பதினோரு நாளா வாசகர் அறை வைஃபையிலேருந்து வர்றீங்க. கீழ்த்தளத்துல கேட்லாக் பிரிவுக்கு நானே கேபிள் இழுத்துக் குடுத்தேனே, எலி கடிச்சிடுச்சா?

— கேபிள் தங்கமான கேபிள் மேடம். ஜன்னல்தான் இல்ல.

— ஓஹோ.

— வாசகர் வைஃபையில நம்ம கேட்லாக் திறக்காது. அதான் விபிஎன். அதாவது, வேலை ஒண்ணும் நிக்கல. நானூறு புத்தகம் பதிவு பண்ணியிருக்கேன்.

— பாத்தேன். அதுல ரெண்டு சமையல் புத்தகம் கவிதை அலமாரிக்குப் போயிருக்கு.

— கவனம் கொஞ்சம் சிதறிடுச்சு.

— விபிஎன்ல இருபது பேருக்குத்தான் இடம் சார். நேத்து தலைமை நூலகர் காய்ச்சலோட வீட்டுலேருந்து உள்ள வரப் பாத்தார், இடமில்ல. என்னைப் போன்ல வறுத்து எடுத்துட்டார். அந்த வாசகர் அறை ஒண்ணே ரெண்டு இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது.

— ரெண்டா? என்கிட்ட ஒரே லேப்டாப்தான்.

— அதுக்கு வர்றேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு, கட்டடத்துக்குள்ளேருந்து வர்ற விபிஎன் எல்லாத்தையும் நிறுத்தப் போறேன். நாளைக்கு நல்ல பிள்ளையா கீழ்த்தளம்.

— ஐயோ மேடம், ஒரே ஒரு வாரம் குடுங்க!

— அவ்வளவு அழகான ஜன்னலா?

— ஜன்னல் இல்ல… ஜன்னல் மேஜைக்கு ஒருத்தங்க படிக்க வருவாங்க.

— ஓஹோ!

— அவங்க லேப்டாப்புக்குப் பக்கத்துல தடிமனா ஒரு மொழிபெயர்ப்பு நாவல் திறந்தே இருக்கும். பதினோரு நாளா அறுபத்திரண்டாம் பக்கத்தைத் தாண்டல மேடம். அவ்வளவு ஆழமான வாசிப்பு!

— பேசினீங்களா?

— பேசினேனே. 'இந்த நாற்காலி காலியா'ன்னு கேட்டேன்.

— என்ன சொன்னாங்க?

— 'ம்.'

— பதினோரு நாளைக்கு ஒரு 'ம்'. இந்த வேகத்துல போனா பேரைக் கேக்கறதுக்குள்ள நீங்க ரிடையர் ஆயிடுவீங்க.

— சிரிக்காதீங்க மேடம். நானும் தினமும் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டுத்தான் போறேன். நாளைக்கு நான் கீழ போயிட்டா எல்லாம் போச்சு. வெளியாள்தானே, நாவல் முடிஞ்சதும் கிளம்பிடுவாங்க. அப்புறம் எங்கேன்னு போய்த் தேடுவேன்?

— அந்த நாவல் இப்போதைக்கு முடியாது சார், பயப்படாதீங்க.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— காலையில அந்த ரெண்டாவது விபிஎன்காரங்களைக் கூப்பிட்டு, இப்ப நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலியில உக்கார வெச்சேன். மூணாவது மாடி ஸ்கேனிங் பிரிவு, போன மாசம் சேர்ந்தவங்க. அவங்களும் முதல்ல 'பாதுகாப்புக்காக'ன்னுதான் ஆரம்பிச்சாங்க. அப்புறம் மெதுவா, 'எனக்கு எதிர்ல ஒரு வாசகர் வந்து உக்காருவார் மேடம், ஒரே ஒரு வாரம் குடுங்க'ன்னாங்க.