இடது பாக்ஸ் அவரு, வலது பாக்ஸ் நான்

...நூறு வாட்ஸாம்! நூறு! அட்டப்பெட்டி மேல கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சு தம்பி. பிரிச்சுப் பாத்தா உள்ள சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு. அத வச்சு இந்த ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸயும் பாட வைக்கணுமாம். லாரிய இழுக்க எலியக் கட்டின கத. அது மொத ஆம்ப்ளிஃபையர்.

உக்காருங்க, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? பாக்ஸ் எங்கயும் ஓடிடாது. வாங்கிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க, மெதுவாத் தூக்கலாம். தண்ணி குடிங்க.

விக்கப்போறோம்னு விளம்பரம் குடுத்தது எங்க வீட்டுக்காரரு. அதோ, அந்த ரூமுக்குள்ள இருக்காரு. வரமாட்டாரு. மூணாவது ஆம்ப்ளிஃபையர் வந்ததுலேருந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்த கெடையாது. விக்கறேன்னு என்கிட்ட ஒரு வார்த்த? மூச்! நீங்க போன் பண்ணித்தான் எனக்கே தெரியும்.

இவரு ஆபீஸ்ல இருந்த கிளப்ப மூடினப்போ ஏலத்துல எடுத்த பாக்ஸுங்க இது. தொட்டுப் பாருங்க, அசல் மரம். முன்னால இருக்கற துணி நான் மாத்தினது. இப்ப வர்றதெல்லாம் என்ன... பிளாஸ்டிக் சொம்பு! அதுகிட்ட, "பாடு"ன்னு சொன்னா பாடுமாம். என் அக்கா வீட்டுல இருக்கு. அவளுக்கு அது பதில் சொல்லுது, அவ புருஷன் சொல்றதில்ல.

எங்க விட்டேன்? ஆங்... பாக்ஸ் வந்தாச்சு, ஆம்ப்ளிஃபையர் வேணும். "பாக்ஸுக்குக் குடுத்ததுக்கு மேல ஒரு காசு போடமாட்டேன்"னு ஒத்தக்கால்ல நின்னாரு. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசற ஜென்மம். சரி, இன்டர்நெட்டுல படிச்சவங்களக் கேப்போம்னு பாத்தா... அய்யோ, அந்தக் கூட்டம்! ஒருத்தன் சொல்றான், வாட்ஸ் கூடினா பாக்ஸ் செத்துடும். அடுத்தவன் சொல்றான், வாட்ஸ் கொறஞ்சாத்தான் செத்துடும். இவன் அவன மடையங்கறான், அவன் இவன் காதுல பஞ்சாங்கறான். பாட்டு கேக்கறவன் ஒருத்தனும் இல்ல தம்பி அங்க.

ரெண்டாவது ஆம்ப்ளிஃபையர் பழைய சாமான் கடையில எடுத்தது. மொகம் பூரா அலுமினியம், அம்புட்டு லட்சணம். போட்டா "ம்ம்ம்..."னு ஒரே மொனகல். கடக்காரர் சொல்றாரு, "பழசு அப்படித்தாம்மா மொனகும், போகப்போகப் பழகிடும்"னு. நான் சொன்னேன், மொனகறதுக்கு வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காருய்யா, அதுக்கே இன்னும் பழகலன்னு.

மூணாவது இது. வால்வு செட்டு. மாடி வீட்டுக்காரரு கையால பண்ணது. கண்ணாடிக் குழல் செவசெவன்னு எரியுது பாருங்க. "தேன் மாதிரி இருக்கும்மா சத்தம்"னாரு. தேனு! இந்தச் சூட்டுல ஃபேன் இல்லாம உக்கார முடியல, ஃபேன் போட்டா தேன் காதுல விழல.

ஆனா தம்பி, மூணுலயும் ஒரே கோளாறு. அதுதான் எனக்குப் புரியல. டிரம்மு அடிச்சா அடி இல்ல, தகரத்துல மழ பெய்யற மாதிரி ஒரு சலசலப்பு. பாடறவன் கொரல் நடுவுல நிக்காது. ஒருதரம் ஜன்னலுக்கு வெளியிலேருந்து பாடறான், ஒருதரம் சமையக்கட்டுலேருந்து. இதுல வேடிக்க என்னன்னா, ஒரு பாக்ஸ அணச்சுட்டா நல்லாயிருக்கு! ரெண்டும் சேந்தாத்தான் வெளங்காது. எங்கள மாதிரி. தனித்தனியா நாங்க ரெண்டு பேருமே தங்கம், யார வேணா கேளுங்க.

சிரிக்காதீங்க. நீங்க இதத் தூக்கிட்டுப் போனா... போகட்டும், எனக்கென்ன, இடம் மிச்சம். கூட்டறதுக்கு வசதி. சாயங்காலமானா அவரு இந்த நாக்காலி, நான் அந்த நாக்காலி. நல்லாயில்ல நல்லாயில்லன்னு திட்டிக்கிட்டாவது ஒரே ரூம்ல உக்காந்திருந்தோம். இனி அவரு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதுக்கு ஆம்ப்ளிஃபையர் எதுக்கு...

ஒயரக் கழட்டறீங்களா? கழட்டுங்க. இருங்க, மொதல்ல செட்ட அணைக்கிறேன். ம், அணைச்சாச்சு. எது ப்ளஸ்ஸா? ஒரு ஒயர்ல வெள்ளக் கோடு இருக்கும், அதான் ப்ளஸ். இல்ல இல்ல, அது இடது பாக்ஸுக்கு. வலது பாக்ஸுக்குக் கோடு போட்டது மைனஸ்.

அது அப்படித்தான் தம்பி. இடது பாக்ஸ் அவரு பொறுப்பு, வலது பாக்ஸ் என் பொறுப்பு. மொத தடவ நான் மாட்டினப்போ, "நீ திருகினா திருகாணி தேஞ்சுடும்"னாரு. அப்போ என் பாக்ஸ நீங்க தொடாதீங்க, உங்க பாக்ஸ நான் தொடமாட்டேன்னுட்டேன். விடுவாரா? பாடம் எடுக்கறாரு. டார்ச் செல்ல ஒயர்ல வச்சுக் காட்டறாரு. "பாரு, இப்படி வச்சா உள்ள இருக்கற கூம்பு முன்னால வருது, மாத்தி வச்சா பின்னால போகுது. அதனால கோடு போட்டது ப்ளஸ்ல." செல்லாம், கூம்பாம்! அவரு சொன்னாருங்கறதுக்காகவே நான் மாத்தி மாட்டினேன். மூணு ஆம்ப்ளிஃபையருக்கும் அப்படித்தான். ஒயருதானே, எப்படிப் போனா என்ன, கரண்டு போய்ச் சேந்தா...

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

முன்னால வருது... பின்னால போகுது...

அடக் கடவுளே.

அப்போ அவரு பாக்ஸ் தள்ளறப்போ என் பாக்ஸ் இழுத்துக்கிட்டிருக்கு. இத்தன நாளும். மூணு ஆம்ப்ளிஃபையரயும் நான் வாய்க்கு வந்தபடி...

கீழ வைங்க தம்பி. பாக்ஸக் கீழ வைங்க. அந்த ஒயர இப்படிக் குடுங்க. திருகாணி தேயுமாம், தேயட்டும். கோடு ப்ளஸ்ல... ம். உங்க பக்கத்தயும் பழையபடி மாட்டுங்க. கோடு ப்ளஸ்ல. இப்பப் போடறேன். இருங்க, இது சூடேறணும். தேனு இல்லையா, உருகி வரணும்.

...

கேக்குதா?

டிரம்மு... நெஞ்சுல வந்து தட்டுது தம்பி. கொரலப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல வந்து நிக்குது. கைய நீட்டினா சட்டையத் தொட்டுடலாம் போலிருக்கு. இவ்வளவு நாளா எங்கய்யா இருந்த நீ...

ஷ்! கதவு தெறக்குது. நீங்க வாயத் தெறக்காதீங்க, நான் பேசிக்கறேன்.

என்னங்க... அட, நான் எதையும் தொடலீங்க. இந்தத் தம்பிதான் பாத்து சரி பண்ணாரு. ஒயர மாத்தி மாட்டியிருந்துச்சாம். ...எந்தப் பாக்ஸா?

உங்க பாக்ஸ்தாங்க.

மொறைக்காதீங்க. சரி, வயசாச்சு, கை தடுமாறும்தான். அதுக்குன்னு விக்கறதா? உக்காருங்க, உங்க நாக்காலிதான். அந்த ஃபேன அணைங்க, வேத்தா வேக்கட்டும்.

எங்க அந்தத் தம்பி? ...போயிட்டாரா? தண்ணி கூட குடிக்கல பாருங்க. நல்ல பிள்ளதான் பாவம். ஆனா வந்ததுலேருந்து வாய் ஓயலீங்க, என்னப் பேசவே விடல.