அம்பு காட்டும் இடத்தில் பாதை இல்லை

(நெடுங்கழிக்குப்பம் மீன் ஏலக் கொட்டகையில், 2012 ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை பேசியது)

தன் வீட்டு நாற்காலியையே மேடைக்குத் தூக்கிவந்து, தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் சபாபதி அவர்களே! குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வந்திறங்கி, தேநீர்கூடக் குடிக்காமல் "வரப்பு எங்க? மொதல்ல வரப்பக் காட்டுங்க" என்று கேட்ட விவசாயத் தொழிலாளர் கண்ணாயிரம் அவர்களே! அலையை அளந்து ஆழியை ஆளும் அண்ணன்மார்களே! கூடை சுமந்து, குடும்பம் சுமந்து, இன்று என் பேச்சையும் சுமக்க வந்திருக்கும் தாய்மார்களே! பக்கத்து ஊரான புன்னைமேட்டிலிருந்து முதன்முறையாக எங்கள் குப்பத்துக் கூட்டத்துக்கு வந்து, உட்காரலாமா வேண்டாமா என்று பின்னால் நின்று யோசித்துக்கொண்டிருக்கும் உழவர் பெருமக்களே! உட்காருங்கள் ஐயா, பாயெல்லாம் கழுவிப் போட்டதுதான்.

கடைசியாக இன்னொருவருக்கும் வணக்கம் சொல்லவேண்டும். கொட்டகைக்கு வெளியே ஐந்து வருடமாக ஒற்றைக் காலில் நின்று எல்லாக் கூட்டத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும் அம்புப் பலகையே, உனக்கும் என் வணக்கம்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான், சித்திரைப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு வரைக்கும்.

என்னை உங்களுக்குத் தெரியும். எழிலன். சிதம்பரத்தில் கூரியர் ஆபீசில் வேலை. உறைமேல் எழுதிய முகவரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பிழைப்பு. முகவரி தப்பாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் புத்தியோடுதான் கேட்கிறேன். அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? "சுனாமி வெளியேறும் வழி." பக்கத்தில் ஓடுகிற மனிதன் படம். அவன் தலைக்குமேல் மேற்கே ஓர் அம்பு. அந்த அம்பு எங்கே போகிறது? இந்த ஊரில் யாராவது அதன் பின்னால் நடந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேனா? இல்லை. ஒருத்தர் பார்த்தார். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மூன்று வருடம் முன்பு நம் அங்கன்வாடிக்கு மாற்றலாகி வந்தவர் பொன்னி டீச்சர். படித்தவர். எழுதியிருப்பதை நம்புகிறவர். அதுதான் அவர் செய்த தப்பு.

ஏப்ரல் பதினொன்று. மத்தியானம். எங்கோ கடலுக்கடியில் பூமி ஆடியது என்று செய்தி வந்தது. போலீஸ் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு "ஓடுங்க, ஓடுங்க" என்றார்கள். சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பத்தொன்பது பிள்ளைகளை டீச்சர் எழுப்பினார். இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து நிறுத்தினார். கை கோத்தால்தான் அந்தப் பிள்ளைகள் சிதறமாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடித்த வித்தை. நாமெல்லாம் தார்ச்சாலை வழியாக மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு ஓடினோம். அவர் பலகையைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். அது காட்டிய திசையில் நடந்தார்.

எங்கே போய் நின்றார்? வேலிக்காத்தான் புதரில்! முன்னால் முள், பின்னால் கடல். செருப்பில்லாத பிள்ளைகள். திரும்பிப் போகவும் பயம், முன்னால் போகவும் வழியில்லை. ஒன்றரை மணி நேரம், தாய்மார்களே! ஒன்றரை மணி நேரம் அந்தக் கோத்த கைகள் பிரியாமல் அங்கேயே நின்றன.

கடல் வரவில்லை. வந்திருந்தால்?

மாலையில் நான் போனபோது டீச்சர் அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்து, ஊக்கு வைத்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டுப் பாதங்கள். என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, அந்த அம்பு எங்கதான் போவுது? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போனேன். முதலில் பலகை நட்ட அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், எல்லா அலுவலகமும் ஒரே நாற்காலிதான். "சார், அந்த அம்பு எங்க போவுது?" என்றேன். அங்கிருந்த அதிகாரி கோப்பைப் புரட்டினார். "கடல் எந்தப் பக்கம்?" "கெழக்க சார்." "அம்பு?" "மேற்க சார்." "அப்புறம் இன்னாப்பா? சரியாத்தானே காட்டுது?" "பாதை இல்லையே சார்!" "பாதை வேற டிபார்ட்மெண்ட். நாங்க அம்பு மட்டும்தான்."

கேட்டீர்களா? திசை கொடுப்பவன் ஒருவன், தெரு கொடுப்பவன் ஒருவன்! மூன்று மனு கொடுத்தேன். மூன்றும் அந்த அம்பு போன இடத்துக்கே போய்விட்டன.

என்ன அமிர்தம் அக்கா? "கரண்டு போறதுக்குள்ள வெசயத்துக்கு வா" என்கிறீர்களா? வருகிறேன். மைக் போனாலும் கவலையில்லை. கடற்கரையில் பிறந்தவன் குரலுக்கு மின்சாரம் எதற்கு?

அரசாங்கத்தை மட்டும் சாடிவிட்டு இறங்கினால் கைதட்டுவீர்கள். நம்மையும் சொல்ல வேண்டாமா? மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். சரி, பாதையை நாமே போடுவோம் என்று நாற்பது ஆண்கள் கிளம்பினோம். எப்படிக் கோடு போட்டோம்? கடலில் போகிற மாதிரியே! கடலில் வலை போட்ட இடத்தை எப்படி அடையாளம் வைக்கிறோம்? கரையில் இரண்டு குறி பார்த்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிற நேர்க்கோட்டில் போகிறோம். அதே வித்தை. புன்னைமேட்டுத் தண்ணீர் டேங்க் ஒரு குறி, ஒற்றைப் பனை ஒரு குறி. பனைக்குமேல் டேங்க். கயிறு பிடித்தோம், முள் வெட்டினோம், மூன்றே நாளில் மேட்டுச் சாலை வரைக்கும் ஒரே நேர்க்கோடு. அம்பு காட்டிய அதே திசை! அப்பா, என்ன பெருமை! ஊர்த்தலைவர் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டீச்சர் வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். நடுவில் உப்போடை.

"இன்னா டீச்சர், இடுப்புத் தண்ணிதானே!" என்றோம்.

அவர் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை சினேகாவைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு குச்சியை அவள் உயரத்துக்கு ஒடித்தார். அந்தக் குச்சியைக் கொண்டுபோய் ஓடைக்கு நடுவில் ஊன்றினார். தண்ணீருக்குமேலே தெரிந்தது இரண்டு விரற்கடை.

நாற்பது பேர், நாற்பது பேரும் அந்த ஓடையை மூன்று நாள் தாண்டித் தாண்டிப் போய்வந்தவர்கள். ஒருவன் கண்ணிலாவது அது தடையாகப் பட்டதா? படவில்லை. தண்ணீர் என்றால் நமக்கு வழி. தண்ணீர் குறுக்கே வந்தால் வழி முடிந்துபோகிறது என்ற நினைப்பே நமக்கு வரவில்லை! அன்றைக்கு, மீன்கூடை சுமந்தே தலை நரைத்த அமிர்தம் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "கடலுக்குப் போறவன்கிட்ட ரோடு போடச் சொன்னா, படகு வுட்டுத்தான்டா போடுவான்!"

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்து அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்துல தலையில கூடையோட வரப்புலதான் போவேன். வாயில போட்ட வெத்தல மென்னு முடிக்கறதுக்குள்ள ரோட்டுல நிப்பேன். இப்ப அந்த வரப்பு எங்க?"

வரப்பு எங்கே? அங்கேதான் இருக்கிறது. ஓடைக்குத் தெற்கே, மேடாக, தண்ணீர் ஏறாத வரப்பு. புன்னைமேட்டுச் சுப்புராயன் ஐயா நிலத்து வரப்பு. ஆறு வருடமாக அதன்மேல் முள்வேலி.

சுப்புராயன் ஐயா இங்கே வந்திருக்கிறார். "கூட்டத்துக்கு வந்து கேக்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றார். வந்துவிட்டார். அதனால் அவர் முகத்துக்கு நேரேயே பேசுகிறேன்.

2004 டிசம்பர். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாம் எந்த வழியாக ஓடினோம்? இதே வரப்பு வழியாக. ஓடிப்போய் விழுந்தது யார் களத்தில்? இவர் களத்தில். விதைக்கு வைத்திருந்த நெல்லைக் குத்தி நமக்கு உலை வைத்தவர் இவர். இரண்டே வருடம் கழித்து வேலி வைத்தவரும் இவர். அன்று உலை வைத்த கையே பிறகு வேலி வைத்ததே, அது ஏன்? கோபப்படுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

நம் பெண்களைக் கேட்டேன். "கூடையிலேர்ந்து மீன் தண்ணி சொட்டுதாம், நாத்தம் அடிக்குதாம்" என்றார்கள். ஐயாவைக் கேட்டேன். "தெனமும் எழுபது பேரு மிதிச்சா ஒரு அடி வரப்பு இன்னாத்துக்கு ஆவும்? ஒடஞ்சு தண்ணி போய் நாத்தெல்லாம் காஞ்சுதுப்பா" என்றார். எது உண்மை? இரண்டும் உண்மை! வரப்பு உடைந்ததும் உண்மை. புன்னைமேட்டில் மூக்கைப் பிடித்தவர்கள் இருந்ததும் உண்மை. மீன் வேண்டும், மீன் வருகிற வழி மட்டும் வேண்டாமா? குழம்பு மணக்கும், கூடைக்காரி மட்டும் நாறுவாளா? பின்வரிசையில் தலை குனிகிறவர்களைப் பார்க்கிறேன். குனிய வேண்டாம். நாளைக்கு மண் சுமக்கும்போது எப்படியும் குனியத்தான் போகிறோம், எல்லோரும் சேர்ந்து.

நாளை சனிக்கிழமை, நாளை மறுநாள் ஞாயிறு. இரண்டு நாளும் ஒரு படகும் இறங்காது, அது ஊர்க்கட்டுப்பாடு. இரண்டு வாரத்தில் ஐயா நிலத்தில் தண்ணீர் பாய்ச்சிவிடுவார். அதற்குப் பிறகு வரப்பில் மண் வேலை செய்ய முடியாது. இந்த இரண்டு நாளை விட்டால் தை அறுப்புக்கு அப்புறம்தான். அதற்குள் இரண்டாவது முறை ஜீப் வந்தால்?

ஓர் அடி வரப்பை நான்கு அடியாக்குவோம். உடையாத வரப்பு எப்படிப் போடுவது? நமக்குத் தெரியாது. நம் கைக்குத் துடுப்பு தெரியும், மண்வெட்டி தெரியாது. கொள்ளிடம் வெள்ளத்தோடு மல்லுக்கட்டி வளர்ந்த கண்ணாயிரம் அண்ணனுக்குத் தெரியும். வந்ததும் மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓடையத் தூர் வாரி அந்தக் களிய எடுத்துப் போடுங்க. ஒரு சாண் போட்டு மிதி, ஒரு சாண் போட்டு மிதி. ஊரே மிதிக்கணும். அவசரப்பட்டுக் கொட்டினா அடுத்த மழையில கரையும்."

ஊரே மிதிக்கவேண்டும்! அதனால்தான் குடும்பத்தோடு வாருங்கள் என்கிறேன். மே மாதத்தில் ஆண்கள் மட்டும் போய் என்ன கிழித்தோம் என்று பார்த்துவிட்டீர்கள். ஆண்கள் வெட்டட்டும், பெண்கள் வழி சொல்லட்டும், பெரியவர்கள் கரையில் புல் பதிக்கட்டும், பிள்ளைகள் மிதிக்கட்டும். மிதித்துக் குதிப்பதற்கு அவர்களுக்குக் கற்றுத்தரவா வேண்டும்? இரண்டு மாலையும் பிள்ளைகளை நடக்க விடுவோம். எங்கே கால் இடறுகிறதோ அங்கே சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுவோம். எங்கே சிவப்போ அங்கே மறுபடி மண். மதியம் நம் மீன் குழம்பு, புன்னைமேட்டுச் சோறு. ஞாயிறு நான்கு மணிக்கு டீச்சர் கையில் கடிகாரத்தோடு பத்தொன்பது பேரையும் நடத்துவார். இருபது நிமிடத்துக்குமேல் ஆனால் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள் என்கிறார். இருபது நிமிடத்தில் மேட்டுச் சாலை. அதுதான் நமக்குப் பரீட்சை.

என்ன ஐயா? சுப்புராயன் ஐயா எழுந்திருக்கிறார். அமைதி! அவர் கேட்பதை நானே மைக்கில் சொல்கிறேன். "எதுக்கு நாலு அடி? ரெண்டு அடி பத்தாதா? என் நெலம்தானே போவுது?" நியாயமான கேள்வி. டீச்சர், சினேகாவையும் இன்னொரு பிள்ளையையும் மேலே கொண்டுவாருங்கள். கை கோத்து நிற்கட்டும். பக்கத்தில் நீங்கள். பாருங்கள் ஐயா, இதுதான் நான்கு அடி. ஓர் அடி குறைத்தால் இந்த இரண்டு கையில் ஒரு கை விட்டுப்போகும்.

ஐயா அந்தக் கோத்த கைகளைப் பார்க்கிறார். பார்க்கட்டும். யாரும் அவசரப்படுத்தாதீர்கள்.

சொல்கிறார். கேளுங்கள். "நாளைக்குக் காத்தால ஆறு மணி. எனக்கு முன்னாடி ஒருத்தனும் வேலியில கை வெக்கக் கூடாது. கட்டினவன் நான். எந்த முடிச்சு எங்க இருக்குதுன்னு எனக்குத்தான் தெரியும். நானே பிரிக்கறேன்."

தட்டாதீர்கள்! இப்போது தட்டாதீர்கள். நாளை முதல் முடிச்சு அவிழும்போது தட்டுங்கள். ஞாயிறு மாலை சினேகா மேட்டுச் சாலையில் கால் வைக்கும்போது தட்டுங்கள்.

டீச்சர், நீங்கள் கேட்டதற்கு மூன்று மாதம் கழித்துப் பதில் சொல்கிறேன். அந்த அம்பு எங்கேயும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போகும். வரப்பு தொடங்குகிற இடத்தில் குழி தோண்டி வைத்திருக்கிறோம். பலகையைப் பிடுங்கி அங்கே நடுவோம். எந்த டிபார்ட்மெண்ட் கேட்டாலும் என் பெயரைச் சொல்லுங்கள்.

பொறுமையாகக் கேட்ட குப்பத்துக்கும் மேட்டுக்கும், இன்னும் போகாமல் இருக்கும் மின்சாரத்துக்கும், பதில் சொல்ல எழுந்து நின்ற ஐயாவுக்கும் நன்றி. மண்வெட்டி இருப்பவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள். இல்லாதவர்கள் மீன்கூடையோடு வாருங்கள், மண் சுமக்க அது போதும். காலை ஆறு மணிக்கு வேலியருகே சந்திப்போம். வணக்கம்.